பள்ளிவாசல் தாளில் பிள்ளைகளுக்கு எத்தனை வரி?

2024 நவம்பர் 19 அன்று ஏ.ஆர். ரஹ்மானும் அவருடைய மனைவி சாய்ரா பானுவும் பிரிகிறார்கள் என்ற செய்தி வெளியானது. 1995 இல் நடந்த திருமணம். மூன்று பிள்ளைகள், மூவரும் வளர்ந்தவர்கள். முப்பதாவது ஆண்டை எட்டிவிடுவோம் என்று நம்பியிருந்தோம் என ரஹ்மானே வருத்தத்துடன் குறிப்பிட்டிருந்தார்.

அடுத்த ஒரு வாரம் நடந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். சென்னையில் ஒரு வீட்டில் நடந்ததைப் பற்றி, கரிசல் காட்டில் மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர்கூடத் தீர்ப்புச் சொன்னார். வாட்ஸ்அப் குழுக்களில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். யூடியூபில் கூசாமல் கதை கட்டினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே பேசியவர்கள் பிள்ளைகள். எங்கள் குடும்பத்தைத் தனியாக விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தந்தையைப் பற்றிப் பரப்பப்பட்ட வதந்திகளை மகன் வெளிப்படையாகக் கண்டித்தார். சாய்ரா பானுவும் குரல் பதிவு ஒன்றை வெளியிட்டார். தாம் உடல்நலம் இல்லாமல் மும்பையில் சிகிச்சை பெறுவதாகச் சொன்னார், கணவரின் நற்குணத்தைப் புகழ்ந்தார், அவரைப் பற்றி அவதூறு பேச வேண்டாம் என்றார். 2025 மார்ச்சில் ரஹ்மான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, நாங்கள் முறைப்படி விவாகரத்துப் பெறவில்லை, என்னை முன்னாள் மனைவி என்று எழுதாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் வீட்டு விவகாரத்தை அலசுவது நம் வேலை அல்ல. அந்த வாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிரிகிற இருவரும் ஒருவரை ஒருவர் பொதுவெளியில் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கத்தைத் தாக்கவில்லை. நம் ஊர்களில் இது எத்தனை வீடுகளில் நடக்கிறது?

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று நீளும் இந்தக் கரிசல் பகுதியில் நம் சமுதாயம் எண்ணிக்கையில் சிறியது. பள்ளிவாசலைச் சுற்றி நான்கு தெரு, பஜாரில் சில கடைகள், சம்பாதிக்கத் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போன பிள்ளைகள். ஐப்பசியில் மழை தவறினால் மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசியும் கருகும். அந்த ஆண்டு பஜாரில் வியாபாரம் இருக்காது, நகை அடகுக்குப் போகும். தீப்பெட்டி ஆபீஸ்களில் இயந்திரம் வந்த பிறகு பெண்களின் கை வேலையும் குறைந்துவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய குடும்பம் முறிகிறபோது ஊரில் சொல்லப்படும் காரணம் மாமியார், சந்தேகம், செல்போன் என்று என்னென்னவோ இருக்கும். அடியில் தோண்டிப் பார்த்தால் பல வீடுகளில் கடனும், பணம் அனுப்பாமல் போன கணவனும், சொல்லாமல் விற்ற நகையும் கிடக்கும். அதனால்தான் மனம் முறிந்த பிறகு பேச்சு உடனே பணத்துக்குத் தாவுகிறது. பிள்ளையைப் பற்றிய பேச்சு கடைசியில் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை.

ஜமாஅத் பஞ்சாயத்துகளில் எழுதப்படும் மண விலக்குத் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் லெட்டர் பேடில் மஹர் எவ்வளவு, திருப்பிக் கொடுத்த நகை எத்தனை பவுன், சீர் சாமான்கள், இத்தா காலச் செலவு என்று வரிசையாக இருக்கும். பீரோ, கட்டில், மிக்ஸி வரை எழுதியிருப்பார்கள். பிள்ளைக்கு ஒரு வரி: "குழந்தை தாயாரிடம் இருந்துகொள்ளும்." சில தாள்களில் அதற்கடுத்து இன்னொரு வாக்கியமும் இருக்கும். இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று. அதில் தாயார் கையெழுத்துப் போட்டிருப்பார். அன்றைக்கு அவர் இருந்த மனநிலையில் எதைக் காட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்த வாக்கியம் பிள்ளையைக் கட்டுமா? கட்டாது. இதைத் தெளிவாக அறிந்துகொள்வது ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகிக்கும் கடமை. பிள்ளைக்குச் செலவு செய்வது தந்தையின் பொறுப்பு. அது பிள்ளையின் உரிமை என்பதால் தாய் அதை விட்டுக்கொடுக்க முடியாது. மார்க்கமும் அப்படித்தான் சொல்கிறது, நாட்டின் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1997 இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. பீகாரைச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள். தலாக் சொன்ன கணவர், 1986 ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தின்படி குழந்தைக்கு இரண்டு வயது வரை கொடுத்தால் போதும் என்று வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு ஆண்டு என்பது பிள்ளையை வைத்துப் பராமரிக்கும் தாய்க்குச் சேர வேண்டியதைப் பற்றியது. பிள்ளை தன் சொந்த உரிமையில் பருவ வயது வரையிலும், பெண் பிள்ளையானால் திருமணம் வரையிலும் தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. ஷா பானு வழக்கைப் பற்றி மேடை போட்டுப் பேசிய நம் சமுதாயத்தில், நூர் சபா காத்தூன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. அரசியலுக்கு உதவாத தீர்ப்பு என்பதாலோ என்னவோ.

ஷா பானு வழக்கையும் ஒரு நொடி இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 1932 இல் நடந்த திருமணம். ஐந்து பிள்ளைகள். இந்தூரில் வழக்கறிஞராக இருந்த கணவர் 1975 இல் அவரை வீட்டை விட்டு அனுப்பினார், 1978 இல் தலாக் சொன்னார். உயர் நீதிமன்றம் உயர்த்திக் கொடுத்த மாதத் தொகை 179 ரூபாய் 20 காசு. அதை எதிர்த்துத்தான் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 தீர்ப்புக்குப் பிறகு நடந்தது அரசியல். ஆனால் நாற்பது ஆண்டு கூடவே வாழ்ந்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் வீட்டுக்குள் அந்தப் பத்து ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று அன்று கேட்டவர்கள் யார்? பெற்றோர் இருவரும் உயிரோடிருக்க, ஒருவர் பக்கம் நின்றால் மற்றவருக்குத் துரோகம் என்ற நிலை வளர்ந்த பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளைகள் பெரியவர்கள், இனிக் கவலையில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையல்ல.

திருநெல்வேலி வழக்கு

ரஹ்மான் செய்தி வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு அளித்தது. கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள திருநெல்வேலியில் நடந்த வழக்கு அது. ஆனாலும் நம் பகுதியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கணவர் மருத்துவர். 2010 இல் நிகாஹ். ஒரு குழந்தை. மனைவி 2018 இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தார். 2021 இல் நீதித்துறை நடுவர், மனைவிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் குழந்தைக்கு மாதம் 25,000 ரூபாயும் கொடுக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. கணவர் மதுரைக் கிளைக்குப் போனார். நான் முறைப்படி தலாக் நோட்டீசுகள் அனுப்பிவிட்டேன், ஷரீஅத் கவுன்சில் ஒன்று மண விலக்குச் சான்றும் கொடுத்துவிட்டது, வேறு திருமணமும் செய்துகொண்டேன் என்பது அவர் வாதம். மூன்றாவது தலாக் தனக்கு வரவே இல்லை, திருமணம் இன்னும் இருக்கிறது என்பது மனைவியின் பதில்.

நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கணவரின் மனுவைத் தள்ளுபடி செய்தார். தலாக் சொன்னதாகக் கணவர் கூறி, மனைவி அதை மறுத்தால், தலாக் செல்லுமா என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க முடியும். தன் வழக்கில் கணவரே நீதிபதியாக முடியாது. ஷரீஅத் கவுன்சில் தனியார் அமைப்பு, அது நீதிமன்றம் ஆகாது. நீதிமன்றம் அறிவிக்கும் வரை திருமணம் நீடிப்பதாகவே கருதப்படும். இவைதான் தீர்ப்பின் சாரம்.

இதைக் கேட்டதும் ஷரீஅத்தில் தலையிடுகிறார்கள் என்று கொதிப்பவர்கள் நம்மில் உண்டு. கொதிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2010 இல் நிகாஹ், 2018 இல் வழக்கு, 2024 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. தொடக்கப் பள்ளியில் அடியெடுத்து வைக்கிற வயதிலிருந்து பதின்ம வயதின் வாசல் வரை ஒரு பிள்ளை வளர்வதற்கு எடுக்கும் காலம் அது. மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், பஜாரில் வேலை பார்க்கிறவரின் பிள்ளைக்கு?

தனியார் சான்றுக்குச் சட்ட மதிப்பு இல்லை என்பது புதிய செய்தியும் அல்ல. 2014 இல் உச்ச நீதிமன்றம், ஃபத்வா கேட்பதும் கொடுப்பதும் தவறல்ல, ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டாது என்றது. 2017 ஜனவரியில், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் கொடுக்கும் தலாக் சான்று வெறும் கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2023 ஜனவரியில் இதே நீதிமன்றம், குலா கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும், தனியார் அமைப்பு சான்று கொடுக்க முடியாது என்றது. கேரள உயர் நீதிமன்றம் 2021 இலும் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2025 இலும் குலா பெண்ணின் முழு உரிமை, கணவனின் சம்மதத்தைப் பொறுத்ததல்ல என்று வேறு திசையில் பேசியிருக்கின்றன. நமக்குத் தமிழ்நாட்டுத் தீர்ப்புதான் நடைமுறை. ஆகவே பள்ளிவாசல் தாளை மட்டும் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கும் சகோதரி, மறுமணத்தின்போதோ சொத்துப் பிரச்சினையின்போதோ சிக்கலில் மாட்டக்கூடும். குடும்ப நீதிமன்றத்தில் நிலையறிவிப்பு பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.

அப்படியானால் ஜமாஅத்துக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. அல்குர்ஆன் 4:35 கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக வைக்கச் சொல்கிறது. நம் பஞ்சாயத்துகளில் இந்த வசனம் பயானோடு நின்றுவிடுகிறது. பல இடங்களில் பெண்ணின் தரப்பைப் பெண்ணே உட்கார்ந்து சொல்ல இடமில்லை. அவருடைய அண்ணனோ மாமாவோ சொல்வார்கள், அதில் பாதி அவர்களுடைய சொந்தக் கோபமாக இருக்கும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் போன்றவர்கள் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் அமைத்தபோது கடுமையாக எதிர்த்தோம். அந்த எதிர்ப்பில் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, நம் பள்ளிவாசல்களில் பெண்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பேச ஒரு அறை ஒதுக்குவதில் செலவழித்திருக்கலாம்.

இத்தா வீடு

அத்தியாயத்தின் பெயரே தலாக். அந்த 65 ஆவது அத்தியாயத்தின் முதல் வசனம், இத்தா காலத்தில் மனைவியரை அவர்கள் வாழும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆறாவது வசனம், உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்தில் அவர்களைக் குடியமர்த்துங்கள், அவர்களை நெருக்கடிக்கு உள்ளாக்காதீர்கள் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, பாலூட்டும் தாய்க்குத் தந்தை கொடுக்க வேண்டியதையும் இருவரும் கலந்து பேச வேண்டியதையும் சொல்கிறது. 2:233 இல் பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது.

நம் ஊர் வழக்கம் என்ன? சண்டை முற்றிய அன்று இரவே பெண் இரண்டு பைகளோடும் பிள்ளைகளோடும் தாய் வீட்டுக்குப் போகிறாள், அல்லது அனுப்பப்படுகிறாள். பிள்ளையின் பள்ளிப் புத்தகம் ஒரு வீட்டில், சீருடை ஒரு வீட்டில். பரீட்சை நேரமா என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதவிடாய்க் காலம் அதே வீட்டில் இருக்கச் சொன்னதில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பதைப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் புரியும். ஒரே நாளில் உலகம் இரண்டாகப் பிளந்துவிடாமல், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அதற்கு மூன்று மாதம் கிடைக்கிறது. கோபம் தணிந்து பெற்றோர் மீண்டும் சேர்ந்துவிட்டால் அதைவிட நல்லது. அடி, உதை, கொடுமை உள்ள வீடானால் பேச்சே வேறு. அங்கே பெண்ணையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. மற்ற வீடுகளில், "பொட்டப்பிள்ளைய அங்க விட்டு வைக்கிறதா" என்று பெண் வீட்டாரும், "இனி இவ இங்க எதுக்கு" என்று மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்தே ஒரு வசனத்தைக் கழற்றிவிடுகிறார்கள்.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் நம்மிடையே பாதி அறிவு பெரிய ஆபத்தாக இருக்கிறது. ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, என் வயிறு இவனுக்குத் தங்குமிடமாக இருந்தது, என் மடி இவனுக்குப் புகலிடமாக இருந்தது, இப்போது இவன் தந்தை என்னை விலக்கிவிட்டு இவனையும் பறிக்கப் பார்க்கிறார் என்று முறையிட்டார். நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே உரிமை அதிகம் என்று நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இதில் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுமணம் பேசினால் பிள்ளையைத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டும் தந்தைகள் உண்டு. வயது வரம்பிலும் மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபாடு இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி வழி. விவரம் தெரியும் வயது வந்ததும் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்வது அதில் உண்டு. நம் பக்கத்து ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் ஹனஃபி வழி. அதில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையும் பெண் பிள்ளை பருவமடையும் வரையும் தாயிடம். நீதிமன்றமோ 1890 ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின்படி பிள்ளையின் நலன் எங்கே என்று கேட்கும். மூன்றுக்கும் அடியில் உள்ள கேள்வி ஒன்றுதான். ஆனால் நாம் பஞ்சாயத்தில் பேசுவது பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிவுக்குப் பிறகு பெண் அழுதால் பக்கத்து வீட்டார் வந்து உட்காருவார்கள். ஆண் கடையைத் திறந்துவிடுகிறான், அல்லது விமானம் ஏறிவிடுகிறான். அவனுக்கு ஒன்றுமில்லை, அடுத்த பெண் பார்த்துவிடுவான் என்று ஊர் முடிவு கட்டுகிறது. முகீஸ் (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா (ரலி) தம் கணவர் முகீஸைப் பிரியும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு போனார், கண்ணீர் தாடியில் வழிந்தது. நபியவர்கள் மனமிரங்கி பரீராவிடம் பேசினார்கள். அவர் உன் பிள்ளையின் தந்தையாயிற்றே என்று சொன்னதாக அபூதாவூத் அறிவிப்பில் வருகிறது. இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. விஷயம் அங்கே முடிந்தது. பெண்ணின் முடிவை யாரும் மாற்றவில்லை. அழுத ஆணை யாரும் கேலி செய்யவுமில்லை. நம் ஊரில் ஒன்று அவளை வற்புறுத்தியிருப்போம், அல்லது அவனை "பொண்டாட்டிக்காக அழுகிறான் பாரு" என்று விரட்டியிருப்போம்.

அழ இடமில்லாத ஆண் பிள்ளையைப் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறான். முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு தெருமுனை வரை வருவான். பெண் வீட்டார் முகம் கொடுக்க மாட்டார்கள். மூன்றாம் மாதம் வருவது நிற்கும். ஐந்தாம் மாதம் பணம் நிற்கும். பார்க்க விடவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்பான். கொடுக்கவில்லை, அதனால் பார்க்க விடவில்லை என்பார்கள். இரண்டும் தவறு. பார்ப்பதும் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று விலை அல்ல, இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை. வெளிநாட்டில் இருக்கும் தந்தைக்கு வாரம் இரண்டு முறை வீடியோ அழைப்பில் பிள்ளையோடு பேசுவது முடியாத காரியமா? அந்த நேரத்தில் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவது தாய்க்கு முடியாத காரியமா?

பிரிவைப் பிள்ளைகளிடம் யார் சொல்வது என்பதில் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. தெருவில் விளையாடும்போது இன்னொரு பிள்ளை, "உங்க அத்தா இனிமே வரமாட்டாராமே" என்று கேட்டுத்தான் பல பிள்ளைகளுக்குத் தெரிகிறது. முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். முடியாவிட்டால் இருவரும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளை தன்னால்தான் இது நடந்தது என்று நினைக்கும், தான் சேட்டை செய்ததால்தான் அத்தா போய்விட்டார் என்று. அப்படி இல்லை என்பதை ஒரு முறை சொன்னால் போதாது. பதின்ம வயதுப் பிள்ளை எதுவும் கேட்காது. அது கேட்கவில்லை என்பதால் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூத்த பெண் பிள்ளையைத் தோழியாக வைத்துத் தன் மனக்குறையை எல்லாம் அவளிடம் கொட்டும் தாய்மார்களைப் பார்க்கிறோம். அவர்கள் தனிமை புரிகிறது. ஆனால் அந்தச் சுமைக்கு அந்தப் பிள்ளையின் தோள் சிறியது. அக்காவோ, தோழியோ, மதரஸா உஸ்தாதாவோ இருக்கட்டும். யாருமில்லாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

தந்தையின் குடும்பத்தை அடியோடு வெட்டிவிடுவதும் இங்கே சாதாரணம். பெற்றோர் பிரிந்தாலும் தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளை பேரப்பிள்ளைதான். பெருநாள் தொழுகைக்குப் புத்தாடையோடு போகிற சிறுவன், ஒரே ஈத்காவில் இரண்டு வரிசைகளில் இரண்டு தாத்தாக்களையும் பார்க்கிறான். யாரிடம் முதலில் ஸலாம் சொல்வது என்று அவன் பயப்படும்படி வைத்திருப்பது யார்?

தாளில் எழுத வேண்டியவை

2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் முகமது அப்துல் சமது வழக்கில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆவது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ். தெலங்கானாவைச் சேர்ந்த அந்தக் கணவர் இத்தாவுக்கு என்று 15,000 ரூபாய் கொடுக்க முன்வந்திருந்தார், மனைவி வாங்கவில்லை. வீட்டில் இருக்கும் மனைவிக்குக் கூட்டு வங்கிக் கணக்கு, ஏடிஎம் அட்டை என்று பொருளாதாரப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி நாகரத்னா தனியாக எழுதியிருந்தார். தொலைக்காட்சி விவாதங்கள் இதைத் தொடவே இல்லை, ஷரீஅத்தா சட்டமா என்ற கூச்சலிலேயே நின்றன. 2:241 விலக்கப்பட்ட பெண்களுக்கு நியாயமான முறையில் வசதி செய்து தரச் சொல்வதை நினைத்துப் பார்த்தவர்களும் குறைவு.

அந்த 125 இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆவது பிரிவு. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். கோவில்பட்டியிலேயே செய்யலாம், மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் தாமதமாகும், அது வேறு. 2020 இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும், இருவரும் தங்கள் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் விதித்தது. ஆகவே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் இழுத்தடித்தால் அந்த ஆறு மாதப் பணம் பிள்ளைக்கு நட்டம். பேச்சு நடக்கட்டும், மனுவும் போகட்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி 1987 சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். மாவட்டம் தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் உதவத்தான் அது தொடங்கப்பட்டது. நம் ஜமாஅத் நோட்டீஸ் பலகைகளில் அதைப் பற்றி ஒரு வரியும் காணோம்.

நிகாஹ் பள்ளிவாசல் தஃப்தரில் மட்டும் இருந்தால், பிரிவின்போது அதை நிரூபிப்பதே ஒரு வழக்காகிவிடும். தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில். மணமக்கள் விருந்துக்குப் போவதற்கு முன் இதை முடிக்கச் சொல்வது ஜமாஅத் செயலாளருக்கு ஐந்து நிமிட வேலை.

பேசி முடிக்கும் தாளில் பிள்ளைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள் என்பதே நம் கோரிக்கை. மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில். கையில் கொடுத்தேன், வாங்கினேன் என்பதே வேண்டாம். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு. ஆண்டுக்கு எவ்வளவு உயரும், ஏனென்றால் ஒன்றாம் வகுப்பின் செலவும் பத்தாம் வகுப்பின் செலவும் ஒன்றல்ல. தந்தை எந்த நாளில், எங்கே வந்து பார்ப்பார். இரண்டு பெருநாள்களில் எது யாரிடம். பள்ளி மாற்றுவதானால் இருவரும் கலந்து பேச வேண்டும். ஆதார், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும். பாத்தியதை இல்லை என்ற அந்தப் பழைய வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். பிறகு இந்த உடன்பாட்டை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாகப் பெற வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். ஜமாஅத்துக்கு இதனால் மரியாதை குறையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணம் போகிறதா, பிள்ளையைப் பார்க்க விடுகிறார்களா என்று இருவரையும் கூப்பிட்டுக் கேட்கும் வேலை ஜமாஅத்துக்குத்தான் முடியும், நீதிமன்றத்துக்கு முடியாது.

ஒருவர் மறுமணம் செய்யும்போது இந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். நிகாஹ் ஓதி வைக்கும் முன், முதல் மனைவியின் பிள்ளைகளுக்கு மாதப் பணம் பாக்கி இருக்கிறதா என்று மணமகனிடம் கேட்கும் பழக்கத்தை நம் பகுதியின் ஏதாவது ஒரு பள்ளிவாசல் தொடங்கட்டும். தடையில்லாச் சான்று கேட்டு வரும்போது, சந்தா பாக்கியைக் கேட்கிறோம் அல்லவா.